பேஸ்மென்ட் வீடுகளில் ரேடன்: இந்தக் குளிர்காலத்தில் அளந்து பார்ப்பது எப்படி

கனடாவில் வீடுகளைச் சூடாக்கும் காலம் ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் சன்னல்களை யாரும் திறப்பதில்லை. ஃபேர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அடைபட்ட காற்றையே குடும்பம் முழுவதும் சுவாசிக்கும். நிலத்திலிருந்து கசிந்து வரும் ரேடன் என்னும் கதிரியக்க வாயு வீட்டுக்குள் அதிகமாகச் சேர்வதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் என்பதால், அதை அளந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை.

நம்மவர்கள் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பேஸ்மென்ட். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் ஏஜாக்ஸிலும் புதிதாக வந்து இறங்கும் குடும்பங்களும் படிக்க வரும் மாணவர்களும் முதலில் குடியேறுவது பல வேளைகளில் யாரோ ஒருவருடைய வீட்டின் பேஸ்மென்டில்தான். சொந்த வீடு வாங்கிய பிறகும், ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவுக்கு அறை ஒதுக்குவதும், பிள்ளைகள் படிக்க மேசை போடுவதும், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் நாள் முழுக்க அமர்ந்திருப்பதும் அங்கேதான். ரேடன் அளவு பொதுவாக ஆகக் கூடுதலாக இருக்கும் தளத்தில், ஒரு நாளின் பெரும் பகுதியை நாம் கழிக்கிறோம். அளக்கும் கருவியோ சுமார் 30 முதல் 60 டொலருக்குக் கிடைக்கிறது. அதை வாங்கி ஓரிடத்தில் வைத்துவிட்டு மூன்று மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். செய்ய வேண்டியது ஏறக்குறைய அவ்வளவுதான் என்றாலும், வாங்குவதிலும் வைப்பதிலும் முடிவை வாசிப்பதிலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

வாயு உள்ளே வரும் வழி

மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே கலந்திருக்கும் யுரேனியம்-238 பல படிகளில் சிதைந்து ரேடியம்-226 ஆகிறது. ரேடியம் சிதையும்போது ரேடன்-222 பிறக்கிறது. இந்தத் தொடரில் இதற்கு முன் வரும் தனிமங்கள் யாவும் திண்மங்கள் ஆதலால் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. ரேடன் மட்டும் வாயு ஆகையால் மண்துகள்களின் இடுக்குகள் வழியே நகர்ந்து மேலே வருகிறது. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைய எடுக்கும் காலம், 3.8 நாட்கள். நிலத்துக்குள்ளிருந்து ஒரு வீட்டின் தரைவரை வந்து சேர அந்த நாட்கள் போதும். நிறமும் மணமும் சுவையும் இல்லாத இந்த வாயு, திறந்த வெளியில் கலந்தால் காற்றில் நீர்த்துப் போய்விடுகிறது. வீட்டுக்குள் வந்தால் தங்குகிறது.

குளிர்காலத்தில் அது ஏன் கூடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், பின்னர் சொல்லப்போகும் அளவிடும் முறையும் திருத்த வேலையும் எளிதில் விளங்கும். வீட்டின் சூடான காற்று மேலே ஏறி மேல்மாடியின் இடைவெளிகள் வழியே வெளியேறும்போது, கீழ்த்தளத்தில் காற்றழுத்தம் மிகச் சிறிதளவு, அதாவது சில பாஸ்கல் மட்டும், குறைகிறது. அந்தச் சிறு வித்தியாசமே போதும். நிலத்தடிக் காற்றை வீடு மெல்ல மெல்ல உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. துணி உலர்த்தும் இயந்திரமும், சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் விசிறிகளும் அந்த உறிஞ்சலை இன்னும் கூட்டுகின்றன. கொங்கிரீட் தளத்தின் வெடிப்புகள், தளமும் சுவரும் சந்திக்கும் விளிம்பு, தண்ணீர்க் குழாய்கள் தரையைத் துளைத்துச் செல்லும் இடங்கள், நிலத்தடி நீர் வந்து சேரும் மூடப்படாத சம்ப் குழி, தரைவடிகால் ஆகியவை அது நுழையும் வாசல்கள். ரேடன் காற்றைவிடப் பல மடங்கு கனமானது, அதனால்தான் பேஸ்மென்டில் தேங்குகிறது என்று பலர் விளக்கம் சொல்வதுண்டு. ஆனால் அறைக் காற்றில் அது நன்றாகக் கலந்துவிடுகிறது. பேஸ்மென்டில் அதிகம் இருப்பதற்குக் காரணம் அந்தத் தளம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதே. ஆகவே கருவியைத் தரையில் கிடத்த வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

ஒரு வீட்டின் அளவை வைத்துப் பக்கத்து வீட்டின் அளவை ஊகிக்க முடியாது. மண்ணின் தன்மை, அத்திவாரத்தின் வெடிப்புகள், வீட்டின் காற்றோட்டம், குடியிருப்பவர்களின் பழக்கங்கள் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. புது வீடு, பழைய வீடு என்ற வேறுபாடும் உதவாது. வீடுகளில் ரேடன் எவ்வளவு உயரலாம் என்பதை வட அமெரிக்கா உணர்ந்தது 1984 டிசம்பரில். பென்சில்வேனியாவில் லிமரிக் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் கதிரியக்கச் சோதனைக் கருவியைக் கடந்தபோது எச்சரிக்கை மணி ஒலித்தது. அப்போது அந்த நிலையத்தில் அணு எரிபொருளே இன்னும் நிரப்பப்படவில்லை. தேடிப் பார்த்ததில் கதிரியக்கம் அவருடைய வீட்டிலிருந்து வந்தது தெரிந்தது. அங்கே அளக்கப்பட்ட ரேடன் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் பெக்கரல் (பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு). கனடாவின் இன்றைய வழிகாட்டு அளவான 200 பெக்கரலைப் போல ஐந்நூறு மடங்கு.

உடலுக்கு அது செய்யும் கேடு

நாம் சுவாசிக்கும் ரேடனில் பெரும்பகுதி மூச்சோடு வெளியேறிவிடுகிறது. கேடு விளைப்பவை அது சிதைந்து உருவாகும் பொலோனியம்-218, பொலோனியம்-214 போன்ற குறுகிய வாழ்வுடைய தனிமங்கள். இவை திண்மங்கள், தூசியில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய் மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் படிந்து, அங்கேயே அல்பா எனப்படும் கதிரியக்கத் துகள்களை உமிழ்கின்றன. அல்பா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். நம் தோலின் மேற்படையும் தடுத்துவிடும். ஆனால் நுரையீரலின் உள்ளே அந்தக் காப்பு கிடையாது. உயிரணுவின் மரபணுவை அது நேரடியாகத் தாக்குகிறது. தாக்குதல்கள் ஆண்டுக்கணக்கில் தொடரும்போது அவற்றுள் ஏதோ ஒன்று புற்றுநோயாக மாறும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது.

இது முதலில் தெரியவந்தது சுரங்கத் தொழிலாளர்களிடம். ஒன்ராறியோவின் எலியட் லேக் யுரேனியச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள், நுரையீரல் புற்றுநோயும் சிலிக்கா தூசி நோயும் தங்களிடையே பரவுவதைக் கண்டு 1974-இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதைத் தொடர்ந்து ஜேம்ஸ் ஹாம் தலைமையில் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளின் வழியாகத்தான், 1979-இல் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோவின் தொழிற்பாதுகாப்புச் சட்டம் உருவாயிற்று. இன்று இந்த மாகாணத்தில் தொழிற்சாலையிலும் கிடங்கிலும் வேலை செய்யும் நம் மக்களைக் காக்கும் சட்டத்தின் பின்னால் ரேடனைச் சுவாசித்த அந்தத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இல் ரேடனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. சுரங்கங்களில் காணப்பட்டது வீடுகளுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு 2005-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வுத் தொகுப்பு விடை தந்தது. 9 நாடுகளின் 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அந்தத் தொகுப்பின்படி, ஒரு வீட்டின் நீண்டகாலச் சராசரி ரேடன் ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோயின் அபாயம் சுமார் 16 சதவீதம் கூடுகிறது. இன்ன அளவுக்குக் கீழே ஆபத்து அறவே இல்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் அதில் தென்படவில்லை. கனடாவில் நுரையீரல் புற்றுநோய் மரணங்களில் சுமார் 16 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 3,000-க்கும் மேற்பட்டவை, ரேடனால் நேர்வதாகக் கனடிய சுகாதார அமைச்சு மதிப்பிடுகிறது. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக இந்த நோய்க்கு முதன்மைக் காரணம் இதுவே. புகைபிடிக்காதவர்களிடையே முதற்காரணமும் இதுவே.

புகையும் ரேடனும் சேரும்போது ஒன்றின் கேட்டை மற்றொன்று பெருக்குகிறது. புகைபிடிப்பவருக்கு வாழ்நாளில் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், அவரே 800 பெக்கரல் போன்ற உயர்ந்த அளவில் வாழ்நாள் முழுவதும் குடியிருந்தால் அது மூன்றில் ஒன்றாகிறது. அதே வீட்டில் வாழும் புகைபிடிக்காதவருக்கு இருபதில் ஒன்று. பனிக்காலத்தில் வெளியே போகச் சோம்பி பேஸ்மென்டிலேயே சிகரெட் பற்றவைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அங்கே முதலில் நிறுத்த வேண்டியது அந்தப் பழக்கம். ரேடனை அளப்பது அதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

ரேடனுக்கு உடனடி அறிகுறிகள் இல்லை. தலைவலி, தும்மல், களைப்பு இவற்றை அதன்மேல் போட முடியாது. இரத்தப் பரிசோதனையிலும் மருத்துவரால் அதைக் கண்டுபிடிக்க இயலாது. காபன் மோனோக்சைட்டுக்காகச் சுவரில் பொருத்தியிருக்கும் எச்சரிக்கைக் கருவியும் இதைக் காட்டாது. தெரிந்துகொள்ள ஒரே வழி வீட்டின் காற்றை அளப்பது.

எந்தக் கருவியை வாங்குவது

ரேடன் அளவு ஒரு நாளிலேயே பலமுறை ஏறி இறங்கும். காற்றழுத்தம் குறைந்தாலும், மழை நிலத்தை மூடினாலும், மண் உறைந்தாலும், பலத்த காற்று வீசினாலும் அது மாறும். அதனால்தான் கனடிய சுகாதார அமைச்சு, வீட்டைச் சூடாக்கும் காலத்தில் குறைந்தது மூன்று மாதங்கள், கணக்காகச் சொன்னால் 91 நாட்கள், அளக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் வீடு கைமாறும்போது இரண்டு முதல் ஏழு நாட்களில் முடியும் கரித்தூள் கருவிகளைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். இணையக் கடைகளில் அவை இங்கேயும் கிடைக்கும், மலிவாகவும் இருக்கும். ஆனால் நான்கு நாள் அளவை நம்பி ஆயிரக்கணக்கான டொலர் செலவிடுவதோ, அதைவிட மோசமாக, நான்கு நாளில் குறைவாக வந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுவதோ சரியான முடிவாக இராது.

எனவே வாங்க வேண்டியது அல்பா தடக் கருவி என்னும் நீண்டகாலக் கருவி. அது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்டிக் குப்பி. மின்கலம் இல்லை, விளக்கு இல்லை, ஒலியும் இல்லை. அதனுள்ளே விரல்நகம் போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. பெரும்பாலும் அது மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யவும் பயன்படும் சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக். குப்பிக்குள் புகும் ரேடன் சிதைந்து உமிழும் ஒவ்வொரு அல்பா துகளும் அந்தத் துண்டில் மோதி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தடத்தைப் பதிக்கிறது. மூன்று மாதங்களுக்குப் பிறகு ஆய்வகத்தில் அதைச் சூடான காரக் கரைசலில் ஊறவைக்கும்போது, தடம் விழுந்த இடங்கள் மட்டும் அரித்து அகலமாகி நுண்ணோக்கியில் சிறு குழிகளாகத் தெரியும். அவற்றை எண்ணி, எத்தனை நாட்கள் திறந்திருந்தது என்பதோடு சேர்த்துக் கணக்கிட்டு, சராசரியைச் சொல்கிறார்கள்.

வாங்கும்போது ஆய்வகக் கட்டணமும் விலையில் அடக்கமா, திருப்பி அனுப்பும் தபால் செலவு யாருடையது என்று கேளுங்கள். கனடாவின் தேசிய ரேடன் தகுதித் திட்டமான சி-என்.ஆர்.பி.பி. அங்கீகரித்த கருவியா, ஆய்வகமா என்றும் பாருங்கள். பொதியின் மேல் காலாவதித் திகதி இருக்கும். பழைய கருவி நெடுநாள் கிடந்ததாலேயே கொஞ்சம் தடங்களைச் சேர்த்திருக்கும்.

மின்திரையில் எண்ணைக் காட்டும் டிஜிட்டல் கருவிகள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. நல்லவற்றின் விலை 150 டொலருக்கு மேல் போகும். நண்பர்கள் பகிர்ந்துகொள்ளவும், திருத்த வேலைக்குப் பிறகு அது தொடர்ந்து பலன் தருகிறதா என்று கண்காணிக்கவும் அவை மிக நல்லவை. சி-என்.ஆர்.பி.பி. சோதித்துத் தேறியதாகப் பட்டியலிட்ட கருவியாக இருந்தால், மூன்று மாதச் சராசரியை நம்பலாம். ஆனால் அவற்றில் ஒரு தொல்லை உண்டு: ஒவ்வொரு மணிநேரமும் எண்ணைப் பார்க்கத் தோன்றும். இரவு இரண்டு மணிக்கு 350 என்று காட்டியதைக் கண்டு குடும்பமே பதறுவதும், மறுநாள் மாலை 60 என்று காட்டியதும் விஷயத்தையே மறந்துவிடுவதும் நடக்கிறது. முதல் சில நாட்களின் எண்களையும், அன்றாட ஏற்ற இறக்கங்களையும் பொருட்படுத்தாமல் நீண்டகாலச் சராசரியை மட்டும் பாருங்கள். சில நகரங்களின் பொது நூலகங்கள் இத்தகைய கருவிகளை இரவலாகத் தருகின்றன. சில வாரங்களுக்குத்தான் கிடைக்கும் என்பதால், அதை முதற்கட்டப் பார்வையாக எடுத்துக்கொண்டு, பின்னர் நீண்டகாலக் கருவி ஒன்றை வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது

ஒரு நாளில் யாராவது நான்கு மணிநேரத்துக்கு மேல் இருக்கும் தளங்களுள் ஆகக் கீழே உள்ளது எதுவோ அங்கே வையுங்கள். பேஸ்மென்டில் பாட்டி தூங்குகிறார் என்றால் அந்த அறை. மாணவர் வாடகைக்கு இருக்கிறார் என்றால் அவருடைய அறை. பேஸ்மென்டில் ஃபேர்னஸும் பழைய பெட்டிகளும் மட்டுமே என்றால் முதல் தளத்தின் படுக்கையறையோ வரவேற்பறையோ போதும். வருங்காலத்தில் கீழே அறை கட்டி வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், கட்டுவதற்கு முன்பே அங்கேயும் ஒன்றை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. தளத்துக்கு ஓடு பதித்து முடித்த பிறகு அதில் துளை போட நேர்வது வீண்செலவு.

சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம், அலுமாரி, சம்ப் குழியின் அருகு ஆகியவை கூடாது. ஈரப்பதமும் ஆவியும் அடைப்பும் அளவைக் குழப்பும். சூடான காற்று வரும் துவாரத்தின் எதிரிலும், சன்னலின் அருகிலும், நேரடி வெயில் விழும் இடத்திலும் வைக்காதீர்கள். தரையிலிருந்து 0.8 முதல் 2 மீட்டர் உயரத்தில், அதாவது அமர்ந்தோ படுத்தோ நின்றோ நாம் மூச்சுவிடும் உயரத்தில், கூரையிலிருந்து அரை மீட்டராவது கீழே, உட்சுவரிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டரும் வெளிச்சுவரிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டரும் தள்ளி, மற்றப் பொருட்களிலிருந்து 20 சென்டிமீட்டர் விலகி இருக்க வேண்டும். தாழ்ந்த கூரையுள்ள பேஸ்மென்ட் அறையில் இத்தனைக்கும் பொருந்தும் இடம் கிடைப்பது சிரமம்போலத் தோன்றும். படுக்கைக்குப் பக்கத்து மேசையின் நடுவில் வைக்கலாம். சிறு பிள்ளைகள் எட்டி எடுக்கும் வீடானால், கூரையில் கொக்கி மாட்டி நூலில் கட்டித் தொங்கவிடலாம். ஒருமுறை வைத்த இடத்தை மாற்ற வேண்டாம்.

பொதியைப் பிரிக்கும் நாளே அளவீடு தொடங்கும் நாள். உள்ளே வரும் தாளில் கருவியின் இலக்கம், தொடங்கிய திகதி, வைத்த அறை ஆகியவற்றை உடனே எழுதுங்கள். கருவி இருக்கும் நிலையில் அதன் இலக்கம் தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடியும் நாளைத் தொலைபேசியின் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மூன்று மாதங்களில் தாள் தொலைந்துவிடும் வீடுகளே அதிகம். தொடங்கிய திகதி தெரியாமல் ஆய்வகத்தால் சராசரியைக் கணக்கிட முடியாது.

அந்த மூன்று மாதங்களும் வழக்கம்போல வாழுங்கள். அளவைக் குறைத்துக் காட்டுவதற்காகச் சன்னலைத் திறப்பதும், கூட்டிக் காட்டுவதற்காக அறையைப் பூட்டி வைப்பதும் உண்மையை மறைக்கும். டிசம்பரில் ஆறு வாரம் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போகத் திட்டமிட்டிருந்தால், வெப்பத்தைக் குறைத்துப் பூட்டிக் கிடக்கும் வீட்டின் அளவு உங்கள் வாழ்க்கையைக் காட்டாது. திரும்பி வந்த பிறகு தொடங்குங்கள். ஜனவரி கடைசி வாரத்துக்குள் வைத்துவிட்டால் 91 நாட்கள் ஏப்ரல் இறுதிக்குள் நிறைவடையும். முடிந்ததும் முடிவுத் திகதியை எழுதி, கொடுத்த உறையில் இட்டு மூடி, தாமதிக்காமல் அனுப்பிவிடுங்கள். மேசையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அது தடங்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

வந்த எண்ணை வாசிப்பது

ஆய்வகம் முடிவை ஒரு கன மீட்டருக்கு இத்தனை பெக்கரல் என்று தரும். ஒரு பெக்கரல் என்றால் விநாடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். 200 பெக்கரல் அளவுள்ள, மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட படுக்கையறையில் ஒவ்வொரு விநாடியும் 6,000 ரேடன் அணுக்கள் சிதைகின்றன. அமெரிக்கக் கருவியானால் லீற்றருக்கு இத்தனை பிக்கோகியூரி என்று வரும். அதை 37-ஆல் பெருக்கினால் பெக்கரல் கிடைக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடவடிக்கை எடுக்கச் சொல்லும் 4 பிக்கோகியூரி இங்கே 148 பெக்கரலுக்குச் சமம். இந்த மாற்றத்தைக் கவனிக்காமல், "5 தானே வந்திருக்கிறது, 200-க்கு எவ்வளவோ கீழே" என்று விட்டுவிடக் கூடாது; அந்த 5 என்பது 185 பெக்கரல்.

கனடாவின் வழிகாட்டு அளவு 2007 வரை 800 பெக்கரலாக இருந்தது. அந்த ஆண்டில் 200 ஆகக் குறைக்கப்பட்டது. 200-க்கும் 600-க்கும் இடையில் இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், 600-க்கு மேல் இருந்தால் ஓர் ஆண்டுக்குள்ளும் குறைக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டுதலோடு கால எல்லையும் சொல்லப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்த அளவோ 100; அது இயலாத நாடுகளில்கூட 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது அந்த நிறுவனம். 100-க்கும் 200-க்கும் நடுவில் முடிவு வந்த குடும்பத்துக்குச் சட்டமோ வழிகாட்டுதலோ எதையும் கட்டாயமாக்கவில்லை. என் கருத்தைக் கேட்டால், அந்த அறையில் தினமும் பல மணிநேரம் ஒருவர் வாழ்கிறார், அதிலும் அவர் சிறு பிள்ளை அல்லது புகைபிடித்த வரலாறு உள்ளவர் என்றால், குறைக்கும் வழியைப் பார்க்கவே சொல்வேன். 190-க்கும் 210-க்கும் இடையில் நுரையீரலைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை.

இந்த எண் வந்த அன்றே வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை. ஆபத்து ஆண்டுக்கணக்கில் சேர்வது; குறைப்பதற்குச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளலாம். மறந்துவிடத்தான் கூடாது.

அளவு கூடியிருந்தால்

நன்கு நிரூபிக்கப்பட்ட தீர்வு, தளத்துக்குக் கீழிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு. பேஸ்மென்ட் கொங்கிரீட்டில் சுமார் 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை போட்டு, அதன் கீழ் மண்ணையும் சல்லியையும் கொஞ்சம் அகற்றிக் குழி செய்து, பி.வி.சி. குழாயை இறக்கி, எந்நேரமும் ஓடும் மின்விசிறியை அதில் இணைக்கிறார்கள். முன்பு வீடு நிலத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இப்போது தளத்தின் கீழே அதைவிடக் குறைந்த அழுத்தத்தை விசிறி உண்டாக்குவதால், ரேடன் வீட்டுக்குள் வராமல் குழாய் வழியே வெளியே போய்விடுகிறது. அளவு பெரும்பாலும் 80 முதல் 90 சதவீதத்துக்கு மேல் குறையும். குழாயின் பக்கத்தில் ஆங்கில எழுத்து யூ வடிவில் வளைந்த சிறிய குழலில் வண்ணத் திரவம் இருக்கும். அதன் இரு பக்க மட்டங்களும் ஏற்ற இறக்கமாக இருந்தால் விசிறி உறிஞ்சுகிறது. ஒரே மட்டமாகிவிட்டால் விசிறி நின்றுவிட்டது. வீட்டிலுள்ள எல்லோருக்கும், வாடகைக்கு இருப்பவருக்கும்கூட, அதைக் காட்டிவையுங்கள்.

வேலைக்குப் பொதுவாக 1,500 முதல் 3,000 டொலர் வரை ஆகும். பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். சி-என்.ஆர்.பி.பி. சான்றிதழ் உள்ளவரையே அழையுங்கள். இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, துளை எங்கே, குழாய் எந்த வழியே, காற்று எங்கே வெளியேறும், குறையாவிட்டால் என்ன செய்வார் என்று கேளுங்கள். அறிமுகமானவர் என்ற ஒரே காரணத்துக்காக, பொதுவான வீட்டு வேலை செய்பவரிடம் இதைக் கொடுப்பது நல்லதில்லை. தவறாக அமைத்தால் எரிவாயுத் தண்ணீர்ச் சூடாக்கியின் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும் ஆபத்தும் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களும் நுரையீரல் புற்றுநோயாளர் உள்ள குடும்பங்களும் கனடிய நுரையீரல் சங்கத்திடம் உதவித்தொகை பற்றி விசாரித்துப் பார்க்கலாம்.

வெடிப்புகளை அடைப்பதும், சம்ப் குழிக்குக் காற்றுப்புகா மூடி போடுவதும் செய்ய வேண்டியவை. ஆனால் அவை மட்டும் போதுவது அரிது. வெப்பத்தை மீட்டுக் காற்றை மாற்றும் எச்.ஆர்.வி. கருவி, அளவு சற்றே கூடிய வீடுகளில் ஓரளவு உதவும். காற்றுச் சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும், ரேடன் வாயுவைப் பிடிக்காது. சன்னலைத் திறந்து வைத்தால் திறந்திருக்கும் நேரத்துக்குக் குறையும்; ஜனவரியில் அது தீர்வாகாது. அமைப்புப் பொருத்திய பிறகு சில நாட்களில் ஒரு குறுகிய சோதனையும், அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் மூன்று மாதச் சோதனையும் அவசியம். பேஸ்மென்டை மாற்றிக் கட்டினாலும், சன்னல்களை மாற்றினாலும், ஃபேர்னஸை மாற்றினாலும் இன்னொரு முறை அளக்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களும் புது வீடு வாங்கியவர்களும்

வாடகைக்கு இருப்பவர் தன் அறையில் கருவி வைக்க வீட்டுக்காரரின் அனுமதியை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை; அது சுவரையும் தொடாது, மின்சாரத்தையும் எடுக்காது. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் உறவு கெடாது. அவருடைய பிள்ளைகளும் அதே வீட்டில்தான் மேல்மாடியில் வாழ்கிறார்கள் என்பதை நினைவூட்டினால், செலவில் பாதியை அவரே தரவும் கூடும். முடிவு 200-க்கு மேல் வந்தால், ஆய்வக அறிக்கையின் பிரதியோடு மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்ப்பேச்சோடு விட வேண்டாம். ஒன்ராறியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம், வாடகை வீட்டை வாழத் தகுந்த நிலையிலும் சுகாதாரத் தரங்களுக்கு ஏற்பவும் வைத்திருக்கும் பொறுப்பை வீட்டுக்காரரிடம் தருகிறது. திருத்தும்வரை படுக்கையை மேல்தளத்துக்கு மாற்ற வழியிருந்தால் மாற்றுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாடகை தந்து கீழே தூங்குபவர் நம்மை நம்பித்தான் தூங்குகிறார். 50 டொலர் செலவில் அளந்து, அந்த அறிக்கையை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே ஏற்பட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒன்ராறியோவில் புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கியவர்களுக்கு டாரியன் என்னும் அமைப்பின் உத்தரவாதம் உண்டு. வழிகாட்டு அளவுக்கு மேற்பட்ட ரேடன் அதன் ஏழாண்டு உத்தரவாதத்தில் அடங்கும். உரிமைகோருவதற்கு முறையான நீண்டகால அளவீட்டின் அறிக்கை வேண்டும். அந்த அளவீட்டுக்கு ஒரு குளிர்காலம் வேண்டும். வீட்டைக் கையேற்ற திகதியை எடுத்துப் பார்த்து ஆறாவது ஆண்டு நடக்கிறது என்றால், இந்த ஒக்டோபரிலேயே கருவியை வைத்துவிடுங்கள்.